இரவல் போகாத ஜீப்

இறுப்பிட்டித் தியாகலிங்கம் தனது முதல் ஜீப்பை இழந்தது மிகவும் மரியாதையான முறையில். எண்பத்தாறாம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம் நான்கு பொடியள் வந்தார்கள். செருப்பைப் படலைக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். "அண்ணை, வாகனம் ஒருக்கால் வேணும்" என்றார்கள். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்கள். போகும்போது, கொப்பியில் கிழித்த ஒரு துண்டில் 'ஜீப் ஒன்று பெற்றுக்கொண்டோம்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்கள். கையெழுத்து வடிவான கையெழுத்து. யாருடையது என்று மட்டும் வாசிக்க முடியாது. துண்டு இன்றைக்கும் தியாகலிங்கத்தின் அலுமாரிக்குள் இருக்கிறது. ஜீப்தான் இல்லை.

பொடியள் எந்தப் பெயரில் இயங்கினார்கள் என்று எழுதவேண்டிய அவசியமில்லை. அந்த நாட்களில் தீவுப்பகுதியில் ஐந்தாறு இயக்கப் பெயர்கள் உலாவின. எல்லாருக்கும் வாகனம் தேவைப்பட்டது. எல்லாரும் 'ஒருக்கால்' என்றுதான் கேட்டார்கள். பின்னாட்களில் சீருடை போட்டவர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் வாகனம் தேவைப்பட்டது. அவர்கள் தேத்தண்ணி குடிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு ஜீப் போனதற்காக ஒரு மனிதன் இவ்வளவு நொந்துபோவானா என்று கேட்பவர்களுக்காகத் தியாகலிங்கத்தின் முற்கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் தெற்கே ஒரு பட்டினத்தில் இருபத்திரண்டு வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. தியாகலிங்கம் எரியவில்லை, பக்கத்துக் கடைக்காரரின் களஞ்சிய அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒன்பது நாள் ஒளிந்திருந்தார். அந்த ஒன்பது நாளும் இருமுவதற்குக்கூட உத்தரவு கேட்கவேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனிதர். உத்தரவு கொடுத்தார். ஆனால் நாற்பத்தைந்து வயதில் இருமலுக்கு உத்தரவு கேட்ட மனிதன் ஊருக்கு வந்து இறங்கியபோது அவர் மனத்தில் ஒரேயொரு ஆசைதான் மிச்சம் இருந்தது. இனி இன்னொருவன் சொல்லிப் புறப்படுவதும் இல்லை, இன்னொருவன் சொல்லித் திரும்புவதும் இல்லை. அந்த ஆசையின் பெயர்தான் ஜீப்.

காலையில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போவார். நயினாதீவு, நெடுந்தீவு வள்ளங்களில் வந்து இறங்குகிற சனத்தை ஏற்றிக்கொண்டு வேலணை வரை ஓடுவார். பின்னேரம் தரவைக்குள் இறங்குவார். தரவை என்பது மாரியில் சேறும் கோடையில் வெடிப்புமாகக் கிடக்கும் உப்பு வெளி. அதற்கு அந்தப் பக்கக் கரையில்தான் மரியநாயகத்தின் மீன் வாடி. அங்கே போக றோட்டும் இல்லை, போடப்போவதாக ஒருவரும் பொய்கூடச் சொன்னதில்லை. எந்த இடத்தில் நிலம் தாங்கும், எந்த இடத்தில் மேலே பொருக்காகவும் கீழே களியாகவும் இருக்கும் என்பது தியாகலிங்கத்தின் கால்களுக்குத் தெரியும். மீன் பெட்டிகளோடு பொழுதுபட முன்னர் திரும்பிவிடுவார். ஒருவரிடமும் உத்தரவு கேட்பதில்லை.

இதெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியோடு போயிற்று. இரண்டு மாதம் சைக்கிளில் திரிந்தார். மரியநாயகம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கரையிலிருந்து நடந்தே வந்தார்.

"லிங்கண்ணை, உங்கடை கவலை எனக்கு விளங்குது. மீனுக்கு விளங்கேல்லை. அது தன்ரை பாட்டுக்கு நாறுது."

"பொறும் மரியநாயகம். வேறை ஒண்டு பாக்கிறன்."

"கெதியாப் பாருங்கோ. ஐசும் இல்லை. நேற்று மூண்டு பெட்டிப் பாரையைத் தாட்டனாங்கள், செத்த வீடு மாதிரி."

அன்று பின்னேரம் விறாந்தையில் ஆலோசனை கூடியது. தியாகலிங்கத்தின் மனைவி இராசேஸ்வரி மீனுக்குப் புளி கரைத்த கையோடு வந்து நின்றாள். அவளுடைய தமையன் சிவபாதம் கதிரையில் சாய்ந்திருந்தார். அவர் தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். போத்தல் அடி போன்ற கண்ணாடி போட்டவர். வாழ்நாளில் சைக்கிளைத் தவிர வேறொன்றையும் ஓட்டாதவர் என்பதால் வாகனங்களைப் பற்றி அவரிடம் அசையாத அபிப்பிராயங்கள் இருந்தன.

"மச்சான், எடுத்தால் ஜப்பான் ஜீப்தான் எடுக்கவேணும். வேலணை டொக்டர் வெளிநாட்டுக்குப் போறார், தன்ரையை விக்கிறாராம். றோட்டிலை போகேக்கை கார் மாதிரி. தரவையிலை இறக்கினால் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும்."

"துள்ளும். ஆற்றை கையிலை துள்ளும்?" என்றாள் இராசேஸ்வரி. "அண்ணை, நீங்கள் சொல்லுற வாகனத்தைக் கொண்டுவந்து நிப்பாட்டினால் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க முந்திக் கொண்டு போயிடுவினம். வயல் உழுகிற லாண்ட்மாஸ்ரர் ஒண்டை எடுங்கோ. அதை ஒருத்தரும் சண்டைக்குக் கேக்கமாட்டினம்."

"லாண்ட்மாஸ்ரரிலை வேலணைக்குச் சனத்தை ஏத்தினால், போய்ச் சேரேக்கை எலும்பைத்தான் இறக்கலாம்" என்றார் தியாகலிங்கம்.

சிக்கல் இதுதான். காலையில் வயதுபோனவர்களை நோகாமல் கொண்டுபோகவேண்டும். பின்னேரம் களியில் தாழாமல் வரவேண்டும். இரண்டையும் செய்கிற வாகனம் நல்ல வாகனம். நல்ல வாகனத்தை விட்டுவைக்க மாட்டார்கள். விட்டுவைக்கிற வாகனம் தரவையைத் தாண்டாது. தியாகலிங்கம் மூன்று நாள் இதை யோசித்தார். நாலாம் நாள் வேலணைக்குப் போனார்.

டொக்டரின் ஜப்பான் ஜீப் மாமர நிழலில் நின்றது. எஞ்சினை எழுப்பத் திறப்பைத் திருப்பக்கூட வேண்டியிருக்கவில்லை. காட்டினாலே போதும் போலிருந்தது. தியாகலிங்கம் அதைக் கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், மணலில் இறக்கி ஏற்றி, றோட்டால் திரும்பிவந்தார். வரும்போது முகத்தில் தன்பாட்டில் ஒரு சிரிப்பு வந்திருந்தது. படலையடியில் அது மறைந்தது. இறங்கித் திறப்பைக் கொடுத்தார்.

"என்ன, ஓட்டம் பிடிக்கேல்லையோ?" என்றார் டொக்டர்.

"நல்லாப் பிடிச்சுப்போச்சு டொக்டர். எனக்கே இவ்வளவு பிடிச்சால் மற்றவைக்கும் பிடிக்கும்தானே."

டொக்டர் படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவரும் அதனால்தான் அவசரப்பட்டு விற்கிறார் என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது.

அங்கிருந்து தியாகலிங்கம் நேரே ஊர்காவற்றுறைக்குப் போனார். யாக்கோப்பரின் கராச் அங்கேதான். யாக்கோப்பர் தீவுப்பகுதியில் பெயர்போன மெக்கானிக். பழுதான இயந்திரத்தைக் கண்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுபோலப் பதறுகிறவர். கராச்சுக்குப் பின்னால் பூவரசுக்குக் கீழே ஒரு பழைய இங்கிலாந்து ஜீப் நின்றது. யன்னலுக்குள்ளால் குறிஞ்சாக் கொடி புகுந்து மறுபக்கத்தால் வெளியே வந்திருந்தது. ஒரு கதவு பனம் பலகை. முன்விளக்கு ஒன்றுதான். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பச்சையும் கபிலமும் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக.

"அண்ணை, உது ஓடுமோ?"

யாக்கோப்பர் வெட்கப்பட்டார். "எஞ்சின் நல்ல டீசல் எஞ்சின், தம்பி. நாலு சில்லும் இழுக்கும். ஆனால் மற்றதெல்லாம்... உண்மையைச் சொல்லுறன், நீர் கேட்டுப்போட்டீர். ஒரு ஆறு கிழமை தாரும், திருத்தித் தாறன்."

"திருத்தினால் எனக்கு வேண்டாம்."

"என்ன?"

"நிக்கிற இடத்திலை ஸ்ராட் வருமோ?"

"வராது."

"நல்லது. புது ஆள் ஒருத்தர் ஏறினால்?"

"சத்தியமா வராது. எனக்கே ரெண்டு நாள் பிடிச்சது."

"திறப்பு?"

"திறப்பு எங்கை? திறப்பு போடுற இடத்திலை குளவி கூடு கட்டியிருக்கு."

"கூடு இருக்கட்டும்" என்றார் தியாகலிங்கம். அவருடைய முகத்தில் வேலணையில் மறைந்த சிரிப்பு திரும்பவும் வந்தது. "அண்ணை, எஞ்சினையும் அடிப்பக்கத்தையும் வடிவாச் செய்து தாங்கோ. மிச்சத்தை, என்னைத் தவிர வேறை ஒருத்தருக்கும் விளங்காத மாதிரிச் செய்து தாங்கோ."

யாக்கோப்பர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். தொழிலில் இறங்கிய நாற்பது வருடத்தில் ஒருவரும் அவரிடம் பழுது பார்க்கச் சொல்லாமல் பழுது வைக்கச் சொன்னதில்லை. ஆனாலும் கைகாரன் கைகாரன்தான். வேலை தொடங்கியபிறகு அதில் அவருக்கே ஒரு ருசி பிடித்துவிட்டது. டீசலை மறிக்கும் பூட்டை இருக்கைக்கு அடியில் சாக்குக்குள் மறைத்தார். பற்றரியிலிருந்து வரும் வயரைப் பொனற்றுக்குள் மூன்றாவது ஆணியில் கொளுவினால்தான் மின்சாரம் ஓடும். மற்ற ஆணிகளில் கொளுவினால் ஒன்றும் நடக்காது, ஒன்றைத் தவிர. அதில் கொளுவினால் கோர்ண் அடிக்கும். கிளச்சை மூன்று முறை மிதித்து நாலாம் முறை பிடித்திருக்கவேண்டும். தரவைக் கியர் விழுவதற்கு அதன் தடியை ஸ்பானரால் இடப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டவேண்டும். கடைசியாக, காற்றுக்கண்ணாடிக்குப் பக்கத்தால் வருகிற செப்புக் கம்பியை மெதுவாக இழுத்தால் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். பூசைக்குரிய ஒழுங்கு அது. ஒன்று பிசகினால் சாமி இறங்காது.

ஆனியில் ஜீப் இறுப்பிட்டிக்கு வந்தது. தெரு நாய்கள்கூடச் சற்று நேரம் யோசித்துவிட்டுத்தான் குரைத்தன. இராசேஸ்வரி சுற்றிவந்து பார்த்தாள்.

"இதை நான் இரவல் கேக்கமாட்டன்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வருடம் வந்த ஒரேயொரு பாராட்டு அதுதான்.

காலையில் சனம், பின்னேரம் மீன். பழைய ஒழுங்கு திரும்பிவந்தது. இறுப்பிட்டிக்காரர் ஒருவர் கெட்டித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டு அதைத் தனக்குள் வைத்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். தியாகலிங்கம் வைத்திருக்கவில்லை. சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்திவிட்டு, "ஆராவது ஸ்ராட் பண்ணிக் காட்டுங்கோ பாப்பம். பண்ணினால் உங்களுக்குத்தான்" என்று அறிவித்தார்.

பஸ் றைவர் முயன்றார். ஏலவில்லை. பௌதிகம் படிப்பிக்கிற வாத்தியார் கொப்பியில் படம் கீறிக்கொண்டு வந்து முயன்றார், கோர்ண் அடித்தது. இரண்டு மெக்கானிக்குகள் சரவணையிலிருந்து வேலைமெனக்கெட்டு வந்தார்கள். பிறகு தியாகலிங்கம் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார், சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் காரியங்களைச் செய்வார், ஜீப் எழும்பும், சனம் கைதட்டும். ஒரு மாதம் இதுதான் ஊரில் பொழுதுபோக்கு. இறுப்பிட்டியில் ஒரு ஜீப் இருக்கிறது, அது தியாகலிங்கத்தாருக்கு மட்டும்தான் ஓடும் என்ற செய்தி எழுவைதீவு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. போகக்கூடாத காதுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் படலை திறந்தது. வந்தவன் இருபது வயதுக்குள் இருப்பான். மெலிந்த உடம்பு, பணிவான குரல்.

"அண்ணை, வாகனம் ஒருக்கால் வேணும்."

இந்தக் கேள்விக்காகத்தான் தியாகலிங்கம் மூன்று மாதமாகக் காத்திருந்தார். "எடுங்கோ தம்பி, தாராளமா எடுங்கோ" என்றார். இராசேஸ்வரி குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவனும் அவனோடு வந்த மூன்று பேரும் பொனற்றைத் திறந்தார்கள், மூடினார்கள். தள்ளினார்கள். கோர்ண் இரண்டு முறை அடித்தது. வியர்வையில் சேட்டு ஒட்டிப்போனது. தியாகலிங்கம் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். "பழைய சாமான் தம்பி. என்ன செய்யிறது" என்று இடையில் ஒருமுறை அனுதாபப்பட்டார்.

அரை மணித்தியாலத்தின் பின் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். கோபம் ஒன்றும் இல்லை.

"சரி அண்ணை. அப்ப நீங்களே ஏறுங்கோ."

"நானோ?"

"உங்களுக்குத்தானே இது ஓடும் எண்டு சொல்லினம்."

குசினிக்குள் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது. தியாகலிங்கம் ஜீப்பைப் பார்த்தார். பெடியனைப் பார்த்தார். பிறகு ஏறி, கிளச்சை மூன்று முறை மிதித்தார்.

மூன்றாம் நாள் திரும்பினார், ஜீப்போடு. ஊர் திரண்டு வந்து பார்த்தது. கேட்டுக்கொண்டு போன வாகனம் ஒன்று திரும்பி வந்தது தீவுப்பகுதியில் அதுதான் முதல் தடவை. சிவபாதம் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்ரை மூளை மூளைதான், மச்சான்! ஆர் வாகனத்தைத் திருப்பி எடுத்தவன்?"

"வாகனம் திரும்பினது சரி" என்றாள் இராசேஸ்வரி. "இவர் ஏன் போனவர்?"

அடுத்த கிழமை இன்னொரு பெயர்க்காரர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் முதல் வந்தவர்களே வந்தார்கள். சில வேளை ஒரு நாள், சில வேளை ஐந்து நாள். குறை சொல்லக்கூடாது, சாப்பாடு கொடுத்தார்கள், படுக்கப் பாய் கொடுத்தார்கள், 'அண்ணை' என்றுதான் கூப்பிட்டார்கள். 'இனி நான் போகலாமோ' என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தியாகலிங்கத்தின் வீட்டு விறாந்தையில் ஒரு பை எப்போதும் தயாராக இருந்தது. அதற்குள் உடுத்த ஒரு சாரம், ஒரு துவாய், பற்பொடிப் பேணி. பகலில் சேட்டைக் கழற்றுவதையும் விட்டுவிட்டார். எந்த நேரத்தில் புறப்படுவோம் என்பது தெரியாத மனிதனுக்கு வெறும் மேலோடு இருக்கத் துணிவு வருவதில்லை. மீனை மரியநாயகம் ஒரு லாண்ட்மாஸ்ரரில் ஏற்றத் தொடங்கினார். பாதி மீன் கரையிலும் மீதி மீன் வழியிலும் நாறியது.

எண்பத்தேழின் கடைசியில் காட்சி மாறியது. சீருடை போட்டவர்கள் வந்தார்கள், மொழி மாறியது, சைகை பொதுமொழியாயிற்று. ஜீப் அவர்களுக்கும் ஓட மறுத்தது. தியாகலிங்கத்தை ஏறச் சொல்லிச் சைகை காட்டினார்கள். தியாகலிங்கம் ஒரு கட்சி பேதமும் பார்த்ததில்லை, பார்க்க விடவில்லை. ஆனால் இப்போது புதுக் கேள்வி ஒன்று முளைத்தது. மறைந்து திரிந்த பொடியள் ஒரு நாள் வந்து, "நீங்கள் அவைக்கு ஓடினனீங்களாம்" என்றார்கள். அடுத்த நாள் சீருடைக்காரரின் மொழிபெயர்ப்பாளர் வந்து, "நீ அவங்களுக்கு ஓடினனியாம்" என்றார். இருவருக்கும் தியாகலிங்கம் ஒரே மறுமொழியைத்தான் சொன்னார்: "அவையும் இப்பிடித்தான் வந்து கேட்டவை." இருவருக்கும் அது பிடிக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது இராசேஸ்வரி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தாள்.

"இஞ்சாருங்கோ. ரெண்டு பக்கமும் ஓடின ஆளை ஒரு பக்கமும் கனகாலம் உயிரோடை வைச்சிருக்காது. ஜீப்பைத் திருத்துங்கோ."

"திருத்தினால் கொண்டு போயிடுவாங்கள், இராசேஸ்."

"கொண்டு போகட்டும். அதைக் கொண்டு போனால் போகட்டும் எண்டுதான் சொல்லுறன்."

தியாகலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தன் பாட்டில் போய் வருவதற்காக வாங்கிய வாகனத்தை, தன் பாட்டில் வீட்டில் இருப்பதற்காகக் கைவிடவேண்டும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் ஜீப்பை யாக்கோப்பரிடம் கொண்டுபோனார்.

யாக்கோப்பர் ஆனந்தத்தில் அழுதே விட்டார். "நான் அப்பவே சொன்னனான், தம்பி! என்ரை மனச்சாட்சி இப்பதான் நித்திரை கொள்ளும்" என்று சொல்லிக் குளவிக் கூட்டைத் தானே கையால் எடுத்தெறிந்தார். ஒரு மாதத்தில் ஜீப் நேர்மையான வாகனம் ஆயிற்று. திறப்பைத் திருப்பினால் எழும்பும். கிளச் ஒரு மிதியில் பிடிக்கும். யாக்கோப்பர் சொந்தச் செலவில் வெள்ளைப் பெயின்ரும் அடித்து, இரண்டாவது விளக்கும் பூட்டிவிட்டார். தியாகலிங்கம் அதைக் கொண்டுவந்து படலைக்கு வெளியே, றோட்டோரமாக, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி நிறுத்தினார். திறப்பையும் அதிலேயே தொங்கவிட்டார். பிறகு விறாந்தையில் வந்து இருந்துகொண்டு, பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்க்கும் தகப்பனைப் போலக் காத்திருந்தார்.

பத்தொன்பது நாள் ஒருவரும் வரவில்லை. இருபதாம் நாள் அந்த மெலிந்த பெடியன் வந்தான். இப்போது கொஞ்சம் தாடி.

"தம்பி, வாங்கோ" என்று தியாகலிங்கம் எழும்பினார். "வாகனம்தானே? வெளியிலை நிக்குது. திறப்பு அதிலைதான். சின்னப் பிள்ளையும் ஓடும். எடுத்துக்கொண்டு போங்கோ, திருப்பித் தரவும் வேண்டாம்."

"வாகனம் வேண்டாம் அண்ணை. எங்களிட்டை இருக்கு."

றோட்டில், வெள்ளை ஜீப்புக்குப் பின்னால், புத்தம் புது ஜப்பான் ஜீப் ஒன்று சேற்றோடு நின்றது. இரண்டு பக்கக் கதவுப்பிடி வரைக்கும் களி.

"ஓடத் தெரிஞ்ச ஆக்கள் இல்லை. தரவையிலை இறக்கினால் தாண்டு போகுது. உங்கடை கைவளத்தைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். நீங்கள் ஒருக்கால் வாங்கோ."

விறாந்தையில் கிடந்த பையை அவனே எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை பதினொரு நாள்.

திரும்பி வந்தபோது தியாகலிங்கம் ஒரு முடிவோடு வந்தார். வழி நெடுகிலும் யோசித்திருக்கிறார். ஜீப்பில் பழுது வைத்தது புத்திசாலித்தனம்தான். வைத்த இடம் பிழை. பழுதை வைக்கவேண்டியது ஆளில். அன்றே சிவபாதம் வீட்டுக்குப் போனார்.

"மச்சான், உன்ரை பழைய கண்ணாடி ஒண்டு தா."

"உனக்கு நல்ல கண்தானே? இதைப் போட்டால் ஒரு மண்ணும் தெரியாது."

"அதுதான் வேணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை, சங்கக் கடையில் அரிசி கொடுக்கிற நாள், வரிசையில் அரை ஊர் நிற்கும்போது, தியாகலிங்கம் போத்தல் அடிக் கண்ணாடியோடு ஜீப்பை ஓட்டிவந்து கடை மதிலில் நிதானமாக மோதினார். அதிகம் இல்லை, மூன்று வரிக் கல். இறங்கி, மதிலைத் தடவிப் பார்த்து, "ஆர் இஞ்சை மதில் கட்டினது?" என்று கேட்டார். அந்த மதிலுக்கு முப்பது வயது. "பாவம், மனிசனுக்குப் பார்வை போச்சு" என்று ஊர் முடிவு செய்தது. ஊர் முடிவு செய்த விஷயம் எவ்வளவு விரைவாக எழுவைதீவுக்குப் போய்ச் சேரும் என்பதில் தியாகலிங்கத்துக்கு இப்போது நல்ல அனுபவம் இருந்தது.

சீருடைக்காரர்கள் ஒரு தரம் வந்தார்கள். கண்ணாடியை வாங்கி ஒருவர் போட்டுப் பார்த்து, தலை சுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டார். போய்விட்டார்கள். பெடியன் வந்தபோதுதான் கொஞ்சம் கடினமாயிற்று. அவன் எதிரே குந்தியிருந்து தியாகலிங்கத்தின் முகத்தையே பார்த்தான்.

"அண்ணை, நான் எத்தினை விரல் காட்டுறன்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தியாகலிங்கத்துக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் நிறப் பனிப்புகார் மட்டும். பொய் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"குத்துமதிப்பாச் சொன்னால்... மூண்டு."

"நான் கையைத் தூக்கவே இல்லை, அண்ணை."

அவன் எழும்பினான். கதவடியில் நின்று, "உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான். உண்மையான கவலையோடுதான் சொன்னான். அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. விறாந்தைப் பையை இராசேஸ்வரி அவிழ்த்துச் சாரத்தைத் தோய்த்துப் போட்டாள்.

தியாகலிங்கம் தப்பிவிட்டார். இனி அவரைப் புறப்படச் சொல்ல ஒருவனும் இல்லை. ஆனால் புறப்படுவது எப்படி? பார்வை போனவர் வாகனம் ஓட்டமாட்டார். இறுப்பிட்டியில் கண்கள் அதிகம், வேலிக்கு ஒன்று. முற்றத்தில் கண்ணாடியைக் கழற்றி முகம் கழுவினால்கூட அடுத்த நாள் சந்தியில் "கண் கொஞ்சம் சுகமோ?" என்று விசாரிப்பார்கள். ஆகவே கழுவும்போதும் கண்ணை மூடிக்கொண்டார்.

மரியநாயகத்தின் மீனோ இன்னும் நாறிக்கொண்டிருந்தது. கடைசியில் இராசேஸ்வரி ஓடப் பழகினாள். நாற்பத்திரண்டு வயதில், வளவுக்குள், முருங்கை மரத்தைச் சுற்றிச்சுற்றி. இரண்டு முருங்கை போயிற்று. தீவில் ஒரு மனுசி ஜீப் ஓட்டுகிறாள் என்று ஒரு மாதம் கதைத்தார்கள். பிறகு மீன் நேரத்துக்கு வருகிறது என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

இப்போது எண்பத்தொன்பதில், பின்னேரங்களில் அந்த வெள்ளை ஜீப் தரவைக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். இராசேஸ்வரி ஓட்டுவாள். பக்கத்தில் தியாகலிங்கம், போத்தல் அடிக் கண்ணாடியோடு, மடியில் கை வைத்துக்கொண்டு இருப்பார். கியர் நறநறவென்று அரைபடும்போது அவருடைய இடது கால் தன்பாட்டில் மிதிக்கும். அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் களி என்று அவர் வாயால் சொல்லக்கூடாது. மரியநாயகத்தின் ஆட்கள் பின்னால் பெட்டிகளின் மேல் இருப்பார்கள். ஆகவே இராசேஸ்வரியின் முழங்கையில் விரலால் தட்டுவார். ஒரு தட்டு இடப்பக்கம், இரண்டு தட்டு வலப்பக்கம். சில நாட்களில் அவள் வேண்டுமென்றே மாறித் திருப்புகிறாள் என்று அவருக்குச் சந்தேகம்.

போன மாதம் ஒரு நாள் மீன் இல்லை. வெறும் ஜீப்பில் இருவரும் மட்டும் திரும்பி வந்தார்கள். தரவை நடுவில் தியாகலிங்கம் அவளுடைய கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டும். கொஞ்சத் தூரம் நான் ஓடுறன். ஒருத்தரும் இல்லை."

இராசேஸ்வரி நிறுத்திச் சுற்றிலும் பார்த்தாள். "அங்கை பாருங்கோ. ஆடு மேய்க்கிற மனிசன் ஒண்டு நிக்குது."

"எங்கை?"

"உங்கை, அந்த ஒற்றைப் பனையடியிலை."

தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். சேட்டுத் தலைப்பால் கண்களைத் துடைத்தார். பனைப் பக்கம் நெடுநேரம் பார்த்தார்.

"பனை எங்கை?" என்றார்.

இராசேஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்தாள். "எனக்கு முன்னாலையும் நடிக்கிறியளோ?"

கண்ணாடி கழன்ற பிறகும் அந்தச் சாம்பல் நிறப் பனிப்புகார் போயிருக்கவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். இராசேஸ்வரி கிளச்சை மிதித்துக் கியரைப் போட்டாள். இந்தத் தடவை அது அரைபடாமல் விழுந்தது.